பேய் நட்சத்திரமும் காது கேட்காத ஜானும்



விஞ்ஞானி வரலாறு எழுதச் சொன்னால் நாம எல்லோரும் நியூட்டன், எடிசன், மேரி கியூரி என்றுதான் எழுதுவோம். நான் இந்தத் தடவை ஜான் குட்ரிக் என்பவரைப் பற்றி எழுதுகிறேன். வானியல் படிப்பவர்களுக்கு இவர் பெயர் நன்றாகத் தெரியும். இவருக்குக் காது கேட்காது. 21 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றி வரும் கோள்களை இன்று கண்டுபிடிக்கிறார்களே, அதற்கான யோசனை இவர் 18 வயதில் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

பிறப்பும் படிப்பும்

ஜான் குட்ரிக் 1764ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இங்கிலாந்துக்காரர். அம்மா நெதர்லாந்துக்காரர். வசதியான குடும்பம்தான். குழந்தையாக இருந்தபோதே கடுமையான காய்ச்சல் வந்து அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

அந்தக் காலத்தில் காது கேட்காத பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்றே பெரும்பாலானோர் நினைத்தார்கள். இப்போது மட்டும் என்ன? இந்தப் பிள்ளையைப் படிக்க வைத்து என்ன ஆகப் போகுது என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஜானின் வீட்டில் அப்படி விட்டுவிடவில்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் தாமஸ் பிரெய்ட்வுட் என்ற ஆசிரியர் காது கேட்காதவர்களுக்காக ஒரு பள்ளி நடத்தி வந்தார். பிரிட்டனிலேயே அப்படிப்பட்ட முதல் பள்ளி அதுதான். அங்கே அவரைச் சேர்த்தார்கள். எழுதவும் படிக்கவும், எதிரில் இருப்பவர் உதடு அசைவதைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

பிறகு 1778இல், 13 வயதில், வாரிங்டன் என்ற ஊரில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். கிட்டத்தட்ட நம்ம வயசு. அங்கே கணக்கில் ரொம்பக் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

ஒரு நல்ல நண்பர்

படிப்பு முடிந்து 1781 வாக்கில் யார்க் நகரத்துக்கு வந்தார். அங்கே யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு இருந்தது. அதே ஊரில் எட்வர்ட் பிகாட் என்று ஒருவர் இருந்தார். ஜானுக்குத் தூரத்துச் சொந்தம், 11 வயது மூத்தவர். அவருடைய அப்பா சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடமே கட்டி வைத்திருந்தார். இந்த எட்வர்ட்தான் ஜானுக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கினார். சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறைவதாகச் சொல்கிறார்கள், நீ அவற்றைக் கவனித்துப் பார் என்று எடுத்துச் சொன்னதும் அவர்தான்.

அதில் ஒன்றுதான் அல்கால். அரபு மொழியில் அந்தப் பெயர் பேயின் தலை என்ற பொருளில் வருகிறது. 1669இலேயே மொண்டனாரி என்ற இத்தாலியர் இந்த நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் எப்போது மாறும், ஏன் மாறும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜான் பார்த்த விதம்

1782 நவம்பர் 12ஆம் தேதி இரவு. ஜானுக்கு அப்போது 18 வயது. அல்கால் வழக்கத்தைவிட ரொம்ப மங்கலாக இருப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து மேகம் இல்லாத இரவில் எல்லாம் அதைப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

ஒளியை அளக்க அவரிடம் எந்த மீட்டரும் கிடையாது. பிறகு எப்படி அளந்தார்? பக்கத்தில் இருக்கும் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார். இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம், மணி இத்தனை என்று எழுதினார். இதற்குப் பெரிய தொலைநோக்கிகூட வேண்டாம். நல்ல கண்ணும் கடிகாரமும் பொறுமையும் போதும்.

மாதக்கணக்கில் எழுதியதைப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. அல்கால் கிட்டத்தட்ட இரண்டரை நாள் ஒரே மாதிரி இருக்கும். பிறகு சுமார் 5 மணி நேரம் மங்கிக்கொண்டே வரும். மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அடுத்த 5 மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஒரு மங்கலிலிருந்து அடுத்த மங்கல் வரை 2 நாள் 20 மணி 45 நிமிடம் என்று முதலில் சொன்னார். பிறகு இன்னும் பல மாதங்கள் பார்த்து 49 நிமிடம் என்று திருத்தினார். இன்றைய கருவிகளில் அளந்தாலும் 2 நாள் 20 மணி 49 நிமிடம்தான் வருகிறது!

வெறும் கண்ணால் நிமிடக் கணக்கு எப்படி வரும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. விடை நம்ம கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு சுற்றை அளந்தால் அரை மணி நேரம்கூடத் தப்பு வரலாம். ஆனால் 50 சுற்று முடியும் வரை காத்திருந்து, மொத்த நேரத்தை 50ஆல் வகுத்தால், அந்த அரை மணி நேரத் தப்பும் 50ஆல் வகுபட்டு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

காரணம் என்ன?

ஜானும் எட்வர்டும் சேர்ந்து யோசித்தார்கள். 1783 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஜான் எழுதிய கடிதம் படிக்கப்பட்டது. அதில் இரண்டு காரணம் சொல்லியிருந்தார். ஒன்று, நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருக்கலாம். இரண்டு, கண்ணுக்குத் தெரியாத பெரிய பொருள் ஒன்று அல்காலைச் சுற்றி வந்து, நமக்கும் அதற்கும் நடுவில் வரும்போதெல்லாம் ஒளியை மறைக்கலாம்.

தெருவிளக்கைச் சுற்றி ஒரு பெரிய பூச்சி பறப்பதை நினைத்துப் பாருங்கள். அது பல்புக்கு முன்னால் வரும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். பூச்சி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வெளிச்சம் குறைவதை வைத்தே அங்கே ஏதோ சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஜான் சொன்னதும் அதுதான்.

அந்த வருடமே அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தார்கள். ராயல் சொசைட்டியின் பெரிய பரிசு அது. அவருக்கோ 19 வயதுதான்.

குறுகிய வாழ்க்கை

1784இல் ஜான் இன்னும் இரண்டு நட்சத்திரங்களின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதில் ஒன்றின் பெயர் டெல்டா செஃபி.

1786 ஏப்ரல் 16ஆம் தேதி அவரை ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 20ஆம் தேதி, அவர் இறந்துவிட்டார். குளிர் இரவுகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான் உடம்பு கெட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் வானத்தைப் பார்த்து எழுதிய காலம் மொத்தம் ஐந்து வருடம்கூட இல்லை.

நூறு வருடம் கழித்து

அவர் சொன்ன காரணத்தைப் பலர் அப்போது நம்பவில்லை. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலே தன் தொலைநோக்கியில் அல்காலைப் பார்த்தார். பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாதுதான். அல்கால் சுமார் 90 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

1889இல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் வானாய்வுக்கூடத்தில் ஹெர்மன் ஃபோகல் என்பவர் அல்காலின் ஒளியை முப்பட்டகத்தில் வானவில் பிரிவது போல நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அதில் இருக்கும் கோடுகள் ஒரு சமயம் சிவப்புப் பக்கமும் ஒரு சமயம் நீலப் பக்கமும் நகர்ந்தன. அப்படின்னா அல்கால் நம்மை விட்டு விலகுகிறது, திரும்ப நெருங்குகிறது என்று அர்த்தம். ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. அது மங்கலான இன்னொரு நட்சத்திரம். ஜான் சொன்ன இரண்டாவது காரணம் சரியாகிவிட்டது.

கோள்கள் கிடைத்த கதை

இந்த இரண்டு வழியில்தான் கோள்களையும் பிடித்தார்கள். 1995இல் மிஷல் மேயர், டிடியே கெலோ என்ற இரண்டு பேர் கோடுகள் நகர்வதை வைத்து, சூரியன் மாதிரி இருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதல் முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார்கள். 1999இல் பெகாசஸ் கூட்டத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தை ஒரு கோள் மறைத்துக் கடப்பதைப் பார்த்தார்கள். அப்போது ஒளி 100இல் ஒன்றரை பங்குதான் குறைந்தது.

நம்ம பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதை வேறு நட்சத்திரத்தில் இருந்து ஒருவர் பார்த்தால், ஒளி 12,000இல் ஒரு பங்குதான் குறையும். அதை எந்தக் கண்ணும் காணாது. அதனால்தான் 2009இல் கெப்ளர் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பினார்கள். அது ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. 2018இல் ஓய்வு பெறும் வரை அது சேர்த்த கணக்கில் இருந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் கிடைத்தன. எல்லா வழியிலும் சேர்த்துக் கண்டுபிடித்த கோள்கள் 2025இல் 6,000ஐத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவை ஜான் சொன்னபடி, ஒளி மங்குவதை வைத்துக் கிடைத்தவைதான்.

இன்னொரு செய்தி

ஜான் கண்டுபிடித்த டெல்டா செஃபி மாதிரி இருக்கும் நட்சத்திரங்களை அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லீவிட் என்ற பெண் ஆராய்ந்தார். அவருக்கும் காது கேட்காமல் போயிருந்தது. ஒளி மெதுவாகக் கூடிக் குறைந்தால் அந்த நட்சத்திரம் உண்மையில் பெரிய ஒளி உள்ளது என்று 1912இல் தெளிவாகக் காட்டினார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஹபிள் என்பவர் இதே வழியில்தான் ஆண்ட்ரோமீடா நம்ம பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி அண்டம் என்று நிரூபித்தார். இரண்டு காது கேட்காதவர்கள் சேர்ந்து உலகத்துக்கு வானத்தின் அளவையே காட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாமும் பார்க்கலாம்

மார்கழி மாதம் இரவு 9 மணிக்கு கார்த்திகைக் கூட்டம் நம்ம தலைக்கு மேலே நிற்கும். கையை நீட்டிப் பிடித்து, அதிலிருந்து ஒரு சாண் வடக்கே, கொஞ்சம் மேற்கே தள்ளிப் பாருங்கள். அங்கே அல்கால் இருக்கும். அதற்கும் வடக்கே மிர்ஃபாக் என்ற நட்சத்திரம் இருக்கிறது. மற்ற நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஒரு நாள் அல்கால் மட்டும் ரொம்ப மங்கலாக இருந்தால், ஜான் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். உடனே தேதியும் மணியும் எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து, மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்பவும் பாருங்கள்.

காது கேட்கவில்லை, கருவி இல்லை, வயசு பத்தவில்லை என்று ஜான் குட்ரிக் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேய் இன்னும் சும்மா கண் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும். தினமும் பார்த்தார், பார்த்ததை எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்தப் பதக்கம் வாங்க அவருக்கு எதிரில் நின்று உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும், வா பார்க்கலாம் என்று கூப்பிட்ட நண்பரும்கூடக் காரணம். நம்ம வகுப்பிலும் நம்ம தெருவிலும் காது கேட்காத பிள்ளை இருந்தால், நாமும் எதிரில் நின்று பேசுவோம், கூட்டிப் போய் வானத்தைக் காட்டுவோம்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி