கணக்கும் கலையும் கைகோத்த வாழ்வு – மனோன்மணீயம் சுந்தரனார்

நாள்தோறும் காலையில் பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறோம். பாடி முடித்ததும் மேல்நிலை வகுப்பு மாணவியருள் ஒரு சாரார் கணக்குப் பதிவியல் பாடத்திற்கும், மற்றொரு சாரார் வரலாற்றுப் பாடத்திற்கும் பிரிந்து செல்கிறோம். நாம் பாடிய அந்தப் பாடலை யாத்தவர் இந்த இரண்டு வகுப்புகளுக்கும் உரியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பொதுத்தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் இல்லங்களில் ஒரு விவாதம் எழுவதுண்டு. கணக்குப் படித்தால் வேலை கிடைக்கும். வரலாறும் இலக்கியமும் சோறு போடுமா என்பார் தந்தையார். பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதைப் படிக்கட்டும் என்பார் தாயார். இடையில் நின்று தவிப்பவள் மாணவி. ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வழிவகுத்தது. எனவே வணிகவியலோடு இலக்கியத்தையோ வரலாற்றையோ சேர்த்துப் படிக்க இன்று வழியிருக்கிறது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் ஒற்றுமையாய்க் குடியிருக்குமா என்னும் ஐயம் தீரவில்லை. அந்த ஐயத்திற்கு விடைபோல் அமைந்தது பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்களின் வாழ்வு. அதனை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். ஆலப்புழை அக்காலத்தில் திருவிதாங்கூரின் பெரிய வணிகத் துறைமுகம். தந்தையார் அங்கே வணிகம் செய்துவந்தார். அதே சமயம் தேவார திருவாசகங்களில் தோய்ந்தவர். ஆகவே வரவு செலவும் பண்ணிசையும் ஒரே வீட்டில் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தது அந்தக் குழந்தை. நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் அவர் தமிழ் பயின்றார். பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராய் விளங்கியவர் இவரே.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டில் சிவகாமி அம்மாளை மணந்து, திருநெல்வேலியில் ஓர் ஆங்கில தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அப்பள்ளியே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கிருந்த நாட்களில் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாக ஏற்றார். பின்பு திருவனந்தபுரம் திரும்பித் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவம் கற்பித்து, 1880இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

வருவாய்த் துறையில்

1882இல் அவருடைய வாழ்வு எதிர்பாராத திசையில் திரும்பியது. திருவிதாங்கூர் அரசு அவரைப் பிறவகைச் சிரஸ்தாராக நியமித்தது. நிலவரி நீங்கலான மற்ற வருவாய்களைக் கவனிக்கும் உயர்ந்த பதவி அது. தத்துவ நூல்களோடு பழகிய கை வருவாய்க் கணக்கேடுகளைப் புரட்டலாயிற்று.

அந்தக் கணக்கு எத்தன்மையது என்பதைக் கணக்குப் பதிவியல் பயிலும் நம் தோழியர் அறிந்தால் வியப்பார்கள். திருவிதாங்கூரின் நாணயமே வேறு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 448 காசு! பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்கவேண்டும். ஆண்டுக் கணக்கும் ஆங்கில ஆண்டைப் பின்பற்றாமல் சிங்க மாதத்தில் தொடங்கும் கொல்லம் ஆண்டின்படியே நடந்தது. வணிகவியலில் பட்டம் என்பது அன்று நம் நாட்டில் இல்லை. தத்துவம் கற்ற அறிவைக் கொண்டே அவர் அந்தக் கணக்கை ஆண்டார்.

ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்குப்பின், 1885இல், அவருடைய ஆசிரியர் டாக்டர் ஹார்வி ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றார். அவர் வகித்த தத்துவப் பேராசிரியர் பதவி சுந்தரம் பிள்ளைக்கு வந்தது. அரண்மனை அலுவலின் செல்வாக்கை விட்டு வகுப்பறைக்கு மீண்டார். இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

மணலிக்கரைக் கல்

அப்படியானால் அந்த மூன்றாண்டுகளும் வீண்தானா? அவர் பின்னாளில் செய்த ஆராய்ச்சிகளை நோக்கினால் அவ்வாறு எண்ணத் தோன்றவில்லை.

பேராசிரியர் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்து, பண்டை வேணாட்டு மன்னர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1894இல் வெளியிட்டார். அன்று நம் மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. எனவே அவர் ஆராய்ந்த கற்களுள் நம் ஊர்க் கற்களும் உண்டு. அவற்றுள் ஒன்று கல்குளம் வட்டத்து மணலிக்கரையில் உள்ளது. வீர ரவி கேரளவர்மன் காலத்தில், கொல்லம் 410ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது.

அந்தக் கல்லில் இருப்பது போர்ப் புகழன்று, வரிக் கணக்கு! விளைநிலத்துக்கு எவ்வளவு வரி, விளைச்சல் தவறிய காலத்தில் எவ்வாறு குறைத்து வாங்குவது என்னும் ஏற்பாடு அதில் காணப்படுகிறது. அரசன் தன் விருப்பம்போல் விதித்த கட்டளையாகவும் அது இல்லை. சபையாரும் ஊராரும் கூடி உடன்பட்ட ஏற்பாடு. கணக்கு மட்டும் அறிந்தவர் இக்கல்லைப் படித்தால் நெல்லின் அளவைக் கண்டு அப்பால் சென்றிருப்பார். இலக்கியம் மட்டும் அறிந்தவர் இதில் சுவையில்லை என்று திரும்பியிருப்பார். வரி வசூலின் கடுமையையும் மக்கள் உரிமையின் அருமையையும் ஒருங்கே உணர்ந்தவர் பேராசிரியர். ஆகவே எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் உழவர்கள் வரி பற்றி வாய்திறந்து பேசும் உரிமை பெற்றிருந்ததை அவரால் அந்தக் கல்லில் காண முடிந்தது. மழை பொய்த்த ஆண்டில் வரி கட்ட வழியின்றித் தவித்த குடும்பங்களின் பெருமூச்சு அந்த எண்களுக்குப் பின்னே இருக்கிறது.

கல்வெட்டின் காலத்தை அறிவதற்கும் கணக்கு வேண்டும். கொல்லம் ஆண்டோடு மாதத்துக்கேற்ப 824 அல்லது 825 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். வேணாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் வியாழன் நின்ற இராசியும் குறிக்கப்பட்டிருக்கும். அதனையும் கணித்து, முன்கணக்கு சரிதானா என்று ஒத்துப் பார்க்கவேண்டும். பேரேட்டை இருப்போடு ஒத்துப் பார்ப்பதும் இதே பழக்கந்தானே!

இதே நேர்மையோடு திருஞானசம்பந்தரின் காலத்தையும் அவர் ஆராய்ந்தார். சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று அறிஞர் கால்டுவெல் கருதியிருந்தார். பேராசிரியர் சான்றுகளை ஒவ்வொன்றாய் அடுக்கி, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாதென நிறுவினார். தம் சமயத்து அடியாரின் காலம் என்பதால் பக்தியை முன்வைக்காமல் சான்றுகளையே முன்வைத்தார்.

மனோன்மணீயம்

1891இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகமே அவருக்கு அழியாப் புகழ் தந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவி எழுந்த அந்நூலை ஆசிரியர் ஹார்விக்கே காணிக்கையாக்கினார். பாண்டியனின் அமைச்சன் குடிலன் சூழ்ச்சியால் சேரனோடு போர் மூள்கிறது. அதற்குச் சாக்காக அமைவது நாஞ்சில் நாடு யாருக்கு உரியது என்னும் வழக்கு. நம் வயல்களும் வாய்க்கால்களும் ஒரு காவிய நாடகத்தில் இடம்பெற்றது நமக்குப் பெருமையன்றோ! அந்நூலின் பாயிரத்தில் உள்ள வாழ்த்துப் பகுதியையே 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாயிற்று.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்கு வரும் வழியில் திருவனந்தபுரத்தில் பேராசிரியரைச் சந்தித்து உரையாடினார். 1896இல் அரசு ராவ்பகதூர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 42ஆம் வயதிலேயே, பேராசிரியர் மறைந்தார். அவர் மறைந்தபோது மகன் நடராச பிள்ளைக்கு ஆறே வயது. அந்தப் பிள்ளை வளர்ந்து 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சரானார். தந்தை மூன்றாண்டு பார்த்த வருவாய்க் கணக்கு, மகன் கையில் ஒரு மாநிலத்தின் வரவு செலவாக வந்து சேர்ந்தது.

நாம் கற்பது

அன்புத் தோழியரே! சுந்தரனார் பட்டம் பெற்ற 1876இல் இந்தியாவில் பட்டதாரிப் பெண் ஒருவரும் இல்லை. 1883இல்தான் வங்காளத்தில் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் அந்த வாயிலைத் திறந்தனர். இன்று நமக்கு ஒன்றல்ல, இரண்டு பட்டங்களுக்கு வழி திறந்திருக்கிறது. எல்லோரும் இரண்டும் படித்தே ஆகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டின் வசதியும் உடல்நலமும் பார்க்கவேண்டும். ஒன்றைப் படிப்பவள் மற்றொன்றை இகழாதிருந்தாலே போதும். கணக்கெழுதும் கை ஒவ்வொரு தொகைக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருப்பதை மறவாதிருக்கட்டும். கதை படிக்கும் கண் சான்றில்லாததை நம்பாதிருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். மகள் இலக்கியமோ வரலாறோ கேட்டால் வீண் செலவென்று தள்ளிவிடாதீர்கள். கணக்குக் கேட்டால், அவளுக்குப் பணத்தாசை என்று எண்ணிவிடாதீர்கள்.

1990இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் வணிகவியல் பயிலும் மாணவிக்கும் தமிழ் பயிலும் மாணவிக்கும் அதுவே பட்டம் வழங்குகிறது. இரு சான்றிதழ்களின் தலைப்பிலும் ஒரே பெயர்! நாளைக் காலை தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கும்போது, கணக்கேட்டையும் கவிதையையும் ஒருசேரப் போற்றிய அந்தப் பெரியவரையும் நன்றியோடு நினைப்போம்.