பாப் விட்லர்

ராபர்ட் ஜான் விட்லர் (நவம்பர் 30, 1937 – பெப்ரவரி 27, 1991) ஓர் அமெரிக்க மின்னணுப் பொறியாளர் ஆவார். பரவலான விற்பனையை எட்டிய முதல் தொகுசுற்றுச் செயல்பாட்டு மிகைப்பிகளை இவர் வடிவமைத்தார். இன்று மாணவர்கள் எளிதில் அமைக்கும் ஒலித் தாங்கிச் சுற்று நம்பகமாக இயங்குவதற்கு இவரது திருத்தங்கள் முதன்மைக் காரணமாகும்.

வாழ்க்கை

கிளீவ்லாந்தில் பிறந்தார். தந்தை வானொலிப் பொறியாளர். 1958இல் அமெரிக்க வான்படையில் சேர்ந்த இவர், பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1963இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் இணைந்தார். அங்கு 1964இல் மியூஏ702, 1965இல் மியூஏ709 ஆகிய மிகைப்பிகளை உருவாக்கினார்.

பின்தொடரிச் சிக்கல்

தாங்கிச் சுற்றில் மிகைப்பியின் வெளியீடு, அதன் தலைகீழாக்கும் உள்ளீட்டுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. மிகைப்பு 1 மட்டுமே. ஆயினும் உள்ளீடு மிகச் சிறு மின்னோட்டத்தையே எடுப்பதால், ஒலியளவுக் கட்டுப்பாட்டிலிருந்து வரும் வலுவற்ற குறிகை அடுத்த சுற்றின் சுமையால் தாழ்வதில்லை. பார்வைக்கு எளிய இச்சுற்றே மிகைப்பிக்குக் கடினமான சோதனை. வெளியீடு முழுவதும் பின்னூட்டப்படுவதால் அலைவு எளிதில் தோன்றும். 709இல் இதைத் தடுக்க வெளியே பல உறுப்புகளை இணைக்க வேண்டியிருந்தது. மேலும் உள்ளீடு எல்லை மீறினால் வெளியீடு ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு மீளாமல் நின்றுவிடும். வெளியீட்டில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் மிகைப்பியே எரிந்து போகலாம்.

நேசனல் செமிகண்டக்டர் நிறுவனத்திற்கு மாறிய விட்லர், தம் படைப்பின் இக்குறைகளைத் தாமே களைந்தார். 1967இல் வெளிவந்த எல்எம்101, குறுக்குச்சுற்றைத் தாங்கியது, ஒட்டிக்கொள்ளவில்லை, ஈடுசெய்ய 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றே போதுமானதாயிற்று. (அம்மின்தேக்கியைச் சில்லின் உள்ளேயே அமைத்த மியூஏ741, 1968இல் ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகரால் உருவாக்கப்பட்டது. பாடநூல்களில் புகழ்பெற்றது அதுவே.) பின்னூட்ட இணைப்பை உள்ளேயே கொண்ட எல்எம்102, தாங்கிப் பணிக்கென்றே அமைந்த மின்னழுத்தப் பின்தொடரியாகும். தம் சுற்றுகளுக்கான பயன்பாட்டுக் குறிப்புகளையும் விட்லரே எழுதினார். அவை இன்றும் படிக்கத் தக்கவை.

பிற்காலம்

கடுங்கோபத்திற்கும் மதுப்பழக்கத்திற்கும் பெயர்பெற்றிருந்தார். பழுதான உறுப்புகளைச் சுத்தியலால் தூளாக்குவது இவர் வழக்கம். 1970 இறுதியில், 33 வயதில், பணியிலிருந்து விலகி மெக்சிக்கோவின் புவேர்ட்டோ வல்லார்த்தாவில் குடியேறினார். பின்னர் நேசனலுக்காக, ஏறத்தாழ 1.1 வோல்ட்டிலேயே இயங்கும் எல்எம்10 மிகைப்பியை வடிவமைத்தார். 1981இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் தொடக்கத்தில் பங்கேற்று, 1984இல் விலகினார். 1991இல் புவேர்ட்டோ வல்லார்த்தாவில் மாரடைப்பால் இறந்தார். அப்போது இவருக்கு வயது 53.