செப்பேடு சொல்லாத சேதி



விஞ்ஞானம் பயில்கின்ற நான் பக்திக் கவிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காட்பாடியிலிருந்து சித்தூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இன்று திருப்பதியில் கணிப்பொறி விஞ்ஞானம் பயில்கிறேன். தாளப்பாக்கம் அன்னமாசாரியரின் கீர்த்தனங்களை அட்டவணைப்படுத்தி இணையப் பக்கம் ஒன்று அமைக்க முற்பட்டேன். அப்போதுதான் அவர் எனக்கு ஆசிரியரானார்.

இராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாளப்பாக்கம் அவர் ஊர். தந்தை நாராயண சூரி, தாய் லக்கமாம்பா. பிறந்த ஆண்டு 1408 என்பர் பலர். 1424 என்பாரும் உளர். இளமையிலேயே வீட்டை விட்டுத் திருமலை ஏறினார், வைணவரானார். அகோபிலத்தில் ஆதிவண் சடகோப ஜீயரிடம் வேதாந்தம் கற்றார். மனைவியர் இருவருள் திம்மக்கா, தெலுங்கின் முதற் பெண் கவிஞர் எனப் போற்றப்படுபவர். சாளுவ நரசிம்மன் அன்னமாசாரியரை ஆதரித்தான். பின்னர் அவன் தன்னைப் பாடச் சொல்ல, அவர் மறுத்துச் சிறைப்பட்டார் என்று அவர் பேரர் சின்னண்ணா எழுதிய வரலாறு கூறும். 1503இல் மறைந்தார்.

அவர் பாடியவை 32,000 என்பது மரபு. அவற்றைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தவர் மகன் பெத்த திருமலாசாரியர். ஏடுகள் திருமலைக் கோயிலின் பண்டாரத்தில் நெடுங்காலம் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில் அச்சேறின. கிடைத்த பாடல்கள் மரபு சொல்லும் தொகையில் பாதிக்கும் குறைவு. அவர் வடமொழியில் இயற்றிய சங்கீர்த்தன இலக்கணமும் மறைந்தது. பேரர் சின்ன திருமலாசாரியரின் தெலுங்கு ஆக்கமே எஞ்சியது. பாடலின் தலைப்பில் ராகத்தின் பெயர் உண்டு. ஸ்வரக் குறிப்பு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுக்களிற் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற 20ஆம் நூற்றாண்டு வித்துவான்கள் அமைத்தவை.

இங்கேதான் நான் தவறினேன். மெட்டமைத்தவர் என்ற கட்டம் காலியாயிருந்த இடமெல்லாம் அன்னமாசாரியர் என்று தானே நிரம்பும்படி நிரல் எழுதினேன். பக்கம் அழகாயிருந்தது, ஆனால் பொய் சொல்லிற்று. சங்கீதம் பயிலும் தோழி ஒருத்தி சுட்டிக் காட்டியபோது வெட்கினேன். செப்பேடு மௌனம் காத்த இடத்தில் நான் பேசிவிட்டேன்!

திருத்தியது இவ்வாறு: தெரியாத இடத்தில் நல் என்னும் குறியையே அட்டவணையில் வைத்தேன், பக்கத்தில் அது "தெரியவில்லை" என்று தோன்றும். ஒலிப்பதிவுகளின் எண்ணிக்கையிலும் இப்பாடம் உதவிற்று. 0 என்றால் தேடினேன், இல்லை. நல் என்றால் இன்னும் தேடவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 'அல்லது' குறியைக் கொண்டு மாற்று மதிப்புக் கொடுத்தால், 0வையும் இல்லாததாகவே கொண்டு அது விழுங்கிவிடும். 2020இல் அம்மொழியின் தரத்தில் சேர்ந்த இரட்டைக் கேள்விக்குறியோ, மதிப்பே இல்லாதபோது மட்டும் மாற்றைத் தரும். எஸ்கியூஎல்லில் ஒரு நல் மற்றொரு நல்லுக்குச் சமம் என்று சொல்ல முடியாது. தெரியாத இரண்டை ஒன்றென்று எப்படிச் சொல்வது? நல்தானா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அன்னமாசாரியருக்குத் தாளப்பாக்கம் என்பது குடும்பப் பெயர். தமிழனான எனக்கோ தந்தையின் முதலெழுத்து ஒன்றே. விண்ணப்பம் ஒன்று குடும்பப் பெயரின்றி நகர மறுத்தது. என் பெயரையே இருமுறை எழுதினேன். பின்பு சான்றிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பல மாதம் அலைந்தேன். அங்கே விடை தெரியாமற் போகவில்லை. அப்படி ஒரு பெயரே எனக்கு இல்லை. தெரியாதது வேறு, இல்லாதது வேறு.

தோழர்களே! நாளை நம்மிற் பலர் நிரல் எழுதுவோம், விண்ணப்பப் படிவம் அமைப்போம். அறியாததை அறியோம் என்று எழுதவும், இல்லாதவனை இல்லை என்று சொல்ல விடவும் அப்போது மறவாதிருப்போம்!