இரு நதிக் கரைகளில் ஒரு கணித மேதை

காவிரி அன்னை தவழ்ந்து செல்லும் நம் குடந்தை நகரைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அழைப்பார்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மாணவர் இதைச் சொல்லக் கேட்டுப் பூரித்துப் போனேன். கேம்பிரிட்ஜ் கேம் நதிக்கரையில் இருக்கிறது. நாம் காவிரிக் கரையில் இருக்கிறோம். வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். இவ்விரு கரைகளிலும் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைப் படித்த பிறகே, இரண்டுக்கும் நடுவே இருந்த தொலைவு எனக்குப் புரிந்தது. அவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்த இராமானுஜன், வளர்ந்தது குடந்தை சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாமையால் வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் சிலரைத் தம் வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். கல்லூரி உள்ள ஊரின் வாழ்க்கை அன்றும் இப்படித்தான் போலும்! மாணவர்கள் வந்தால் அவர்களோடு புத்தகங்களும் வரும். அவர்களுடைய கணிதத்தைக் கற்று முடித்த சிறுவன், லோனி எழுதிய திரிகோணமிதி நூலையும் பள்ளி நாட்களிலேயே கரைத்துக் குடித்தான். 1903-ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த நூலொன்று கல்லூரி நூலகத்திலிருந்து அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 சூத்திரங்கள்; நிரூபணங்களோ மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியதில் ஒரு மேதை பிறந்தார் என்றால் அது மிகையாகாது.

1904-இல் உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. மாதம் சுமார் இருபது ரூபாய் ஈட்டும் தந்தையால் கல்லூரிச் சம்பளம் கட்ட இயலுமா? 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். பின்னர் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். கணிதத்தில் எவ்வளவு வாங்கினாலும், பிற பாடங்களில் தவறியதால் தேர்வு முழுவதுமே தவறியதாயிற்று.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் தந்து காத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் அவரை 1914-இல் கேம் நதிக்கரைக்கு அழைத்துச் சென்றது.

அங்கே அவரிடம் தெரியாததைக் கேட்கவில்லை, தெரிந்ததைக் கேட்டார்கள். எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்வு பெற்றார். ஆனால் குளிரும், போர்க்கால உணவுப் பஞ்சமும், தனிமையும் உடலை உருக்கிவிட்டன. 1919-இல் தாயகம் திரும்பி, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிலும் பின் குடந்தையிலும் தங்கினார். நோயுற்ற நிலையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானபோது வயது 32. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம் நதியோரம் உள்ள டிரினிட்டி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976-இல்தான் வெளிப்பட்டன.

நண்பர்களே, இதை நான் ஏன் எழுதுகிறேன்? முதல் பருவத்தில் நான் ஆங்கிலத்தில் தவறினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல். முடிவு வந்த மாலை, படித்துறையில் நெடுநேரம் உட்கார்ந்து, ஊருக்குப் போய் ஏதேனும் வேலையில் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினேன். அறை நண்பன் வந்து, இராமானுஜனே ஆங்கிலத்தில் தவறியவர்தானே என்று தேற்றினான். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. அவரிடம் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. என்னிடம் என்ன இருக்கிறது?

ஆனால் வரலாற்றைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. அவருக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நாம் தவறிய ஒரு பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம். தேறிய பாடங்கள் தேறியவையே. அந்தச் சிறு சலுகை 1905-இல் இருந்திருந்தால் அவர் வீட்டை விட்டு ஓடியிருப்பாரா? நான் அடுத்த பருவத்தில் எழுதி 43 மதிப்பெண் பெற்றேன். மேதைக்கு மூடிய கதவு சாமானியனுக்குத் திறந்திருக்கிறது.

இன்று அதே படித்துறையில் யாரேனும் முதலாண்டு மாணவர் தனியே உட்கார்ந்திருந்தால் நான் பக்கத்தில் போய் அமர்கிறேன். மேதையின் கதையைச் சொல்வதில்லை. மறுதேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று மட்டும் சொல்கிறேன்.