நாமகிரித் தாயாரும் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பங்குனி உத்தரம் பிராட்டியின் திருநக்ஷத்ரம். அந்நாளில் திருவரங்கத்துச் சேர்த்தியின் முன்பு எம்பெருமானார் கத்யத்ரயம் விண்ணப்பித்ததை நாம் அறிவோம். பங்குனி மாதத்தில் சந்திரன் உத்தர நக்ஷத்ரத்தைக் கூடும் நாளாகையால் இதன் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறி, மார்ச் நடுவுக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே அமையும். ஒரே மாதத்தில் உத்தரம் இருமுறை வந்தால், பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியதையே கொள்வர்.

கொங்கு நாட்டு நாமக்கல்லிலும் பங்குனியே பெருந்திருவிழாக் காலம். 108 திவ்யதேசங்களுள் இத்தலம் இல்லை. ஆயினும் பிராட்டியின் பெருமை சொல்வதில் இது எதற்கும் குறைந்ததன்று. கமலாலயக் குளக்கரையில் தவமிருந்த தாயாரிடம், கண்டகியிலிருந்து கொணர்ந்த ஸாளக்ராமத்தைத் திருவடி ஒப்படைத்து நீராடச் சென்றார்; அவர் வரத் தாமதிக்கவே தாயார் அதைக் கீழே வைக்க, அதுவே மலையாய் வளர்ந்தது என்பது தலவரலாறு. அம்மலையைக் குடைந்த குகையில் நரசிம்மன் வீற்றிருக்கிறான். நாமகிரித் தாயாருக்குத் தனி ஸந்நிதி உண்டு.

இத்தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில், 22-12-1887 அன்று, மார்கழி மாதத்தில், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவதரித்தவர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். தாயார் கோமளத்தம்மாள். வளர்ந்தது திருக்குடந்தையில், ஆராவமுதன் ஸந்நிதித் தெருவில். கல்லூரித் தேர்வில் தவறியது, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தது முதலியவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். கனவில் நரசிம்மனின் அருட்குறியாக உதிரத் துளிகளைக் கண்டதாகவும், பின்னர் கணிதச் சுருள்கள் கண்முன் விரிந்ததாகவும், எல்லாம் நாமகிரித் தாயார் அருளியவை என்றும் அவர் அன்பர்களிடம் சொல்லி வந்தார்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் அழைப்பு வந்தபோது, கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்று கோமளத்தம்மாள் தடுத்தார். பின்பு அவர் கனவில் மகன் ஐரோப்பியர் நடுவே அமர்ந்திருக்க, தாயார் தோன்றி இனித் தடை செய்யலாகாது என்று நியமித்ததாகக் கூறுவர். ராமாநுஜனே நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் தங்கி நியமனம் பெற்றார் என்று கூறுவோரும் உண்டு. எவ்வாறாயினும், மகனைத் தடுத்த தாயை இசைவித்தது உலகத் தாயின் புருஷகாரமே என்பது எங்கள் துணிபு. ராமாநுஜனின் சமயப் பற்று வெளி ஆசாரத்தளவே என்று ஹார்டி கருதினார். அந்நிய நாட்டில், போர்க்காலத்திலும் தாமே சமைத்து உண்டு நியமம் காத்தவரைப் பற்றி அப்படிச் சொல்வது எங்களுக்குப் பொருந்தியதாகத் தோன்றவில்லை.

17-3-1914 அன்று சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். அவ்வாண்டுப் பங்குனிப் பௌர்ணமி ஏப்ரல் 10. ஆகவே உத்தரத் திருநாள் கடல்மேலேயே கழிந்தது. 1918ல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினராகி, நோயுற்று, 27-3-1919 அன்று பம்பாயில் இறங்கினார். அவ்வாண்டுப் பங்குனிப் பௌர்ணமியோ மார்ச் 16. அன்றும் அவர் கப்பலிலேயே இருந்தார். தாயாரின் திருநாள் போகையிலும் வருகையிலும் நடுக்கடலில் அவரை வந்து அடைந்ததை எண்ணுந்தோறும் எங்கள் நெஞ்சு உருகுகிறது.

26-4-1920 அன்று, 32ஆம் வயதில், சென்னையில் திருநாடு அலங்கரித்தார். கடல் கடந்தவர் என்று உறவினர் பலர் ஈமக் கடனுக்கு வாராது ஒதுங்கினர் என்பர். தாயார் விடை கொடுத்தனுப்பிய பிள்ளை அவர்.

நாமகிரித் தாயார் திருவடிகளே சரணம்.