நாடற்றோரின் நண்பர் நான்சன்

நாடு விட்டு நாடு செல்லும் மனிதனிடம் முதலில் கேட்கப்படுவது கடவுச்சீட்டு. அதைக் கொடுப்பது அவனுடைய அரசாங்கம். அந்த அரசாங்கமே அவனைத் துரத்திவிட்டால், அல்லது அவன் தன் பிரசை அல்லன் என்று கைகழுவிவிட்டால், அவன் யாரிடம் போய்ச் சீட்டுக் கேட்பான்? முதலாம் உலக மகாயுத்தம் முடிந்த காலத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இந்த நிலையில் நின்றனர். அவர்களுக்கு வழி திறந்துவிட்டவர் நோர்வே நாட்டவரான பிரிட்யோவ் நான்சன். அகதிகளைக் காக்கவென நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் அவருடைய உழைப்பிலே முளைத்தவை. அவ்வுடன்படிக்கைகளைச் சுமையென்று கருதித் தட்டிக்கழிக்கும் போக்கு பல நாடுகளில் வளர்ந்துவரும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

பனியிலே பெற்ற பயிற்சி

நான்சன் 1861ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என வழங்கும் நகரத்தின் அருகே பிறந்தார். தந்தையார் சட்டத்துறையைச் சேர்ந்தவர். மகனோ உயிரியலைக் கற்றார். நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ந்து 1888இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் ஐந்து துணைவர்களுடன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பை முதன்முதலாகக் குறுக்கே கடந்தார். அவருக்கு முன் முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, இடர் வந்ததும் திரும்பிவிட்டனர். நான்சன் ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். பின்னே திரும்பினால் அங்கே உணவும் இல்லை, உதவியும் இல்லை. முன்னே செல்வது ஒன்றே வழி.

1893இல் “பிராம்” என்ற கப்பலில் வடதுருவக் கடலுக்குச் சென்றார். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே எழும்பும்படி அக்கப்பலின் அடிப்பாகம் உருட்சியாகக் கட்டப்பட்டிருந்தது. பின்னர் ஒரேயொரு தோழருடன் கப்பலை விட்டு இறங்கி, 1895 ஏப்ரிலில் வடதுருவத்தை நோக்கி அதுவரை எவரும் எட்டாத தூரத்தை எட்டினார். கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிலில் ஒரு மாரிகாலம் முழுவதையும் கழித்து, 1896இல் உயிருடன் திரும்பினார். உலகம் அவரை வீரராகக் கொண்டாடியது. 1905இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனிநாடானபோது அவருடைய புகழ் நாட்டுக்குத் துணைநின்றது. லண்டனில் நோர்வேயின் முதலாவது தூதுவராகவும் அவர் பணியாற்றினார்.

அறுபது வயதை நெருங்கிய வேளையில் அவருக்கு வேண்டிய பெயரும் வசதியும் இருந்தன. ஆய்வுகூடத்தில் அமைதியாக இருந்துகொண்டு எஞ்சிய நாட்களைக் கழித்திருக்கலாம். ஆனால் அப்போதுதான் அவருடைய மெய்யான பணி ஆரம்பமாயிற்று.

கைதிகளும் பஞ்சமும்

யுத்தம் 1918இல் ஓய்ந்தது. எனினும் இலட்சக்கணக்கான போர்க் கைதிகள் ருஷ்யாவிலும் சைபீரியாவிலும், வேறு இடங்களிலும் முகாம்களில் வாடினர். 1920இல் சர்வதேச சங்கம் இவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பை நான்சனிடம் ஒப்படைத்தது. சோவியத் அரசு சர்வதேச சங்கத்தை ஏற்க மறுத்தது. ஆனால் நான்சன் என்ற மனிதரின் சொல்லை நம்பியது. சிறிய நிதியையும் சில கப்பல்களையும் கொண்டு, 1922க்குள் 4 இலட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அவர் வீடு சேர்த்தார்.

1921இல் ருஷ்யாவின் வொல்கா ஆற்றுப் பிரதேசத்தில் கொடிய பஞ்சம் மூண்டது. நான்சன் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று, பட்டினியால் மடியும் மக்களுக்காக அரசாங்கங்களிடம் கடனுதவி கேட்டார். பொதுவுடைமை அரசுக்கு அது பலம் சேர்க்கும் என்று அஞ்சிய அரசாங்கங்கள் கைவிரித்தன. அவர் மனம் தளராமல் பொதுமக்களிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் கையேந்தினார். பெரும்பங்கு உதவி அமெரிக்காவிலிருந்து வந்தது. பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பரும் ருஷ்ய மக்களுக்காகக் குரல் கொடுத்து நிதியும் உதவினார். அவருக்குப் பின் வந்த 11ஆம் பத்திநாதர், இயேசுசபைக் குரு ஒருவரின் தலைமையில் உதவிக் குழுவொன்றை அனுப்பினார். இவ்வளவு உதவியும் போதவில்லை. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நல்லவர்களின் தர்மத்தை மட்டும் நம்பியிருக்கும் ஏழையின் கதி என்னவென்பதை நான்சன் அங்கே நேரிற் கண்டார்.

ஒரு தாளின் மதிப்பு

ருஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி ஓடியவர்கள் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் பால்கன் நாடுகளிலும் பெர்லினிலும் பாரிசிலும் குவிந்திருந்தனர். 1921 டிசெம்பரில் சோவியத் அரசு இவர்களிற் பெரும்பாலோரின் பிரசாவுரிமையைப் பறித்தது. அவர்களால் எல்லையைக் கடக்க முடியவில்லை. முறைப்படி வேலை பெற முடியவில்லை. சில இடங்களில் திருமணத்தைப் பதிவதற்கும் பத்திரம் இல்லை. ஒரு நாடு அவர்களை மறு நாட்டுக்குத் தள்ளியது. மறு நாடு திரும்பவும் தள்ளியது.

1921இலேயே அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராக நியமிக்கப்பட்டிருந்த நான்சன், 1922 யூலையில் ஜெனீவாவில் அரசாங்கங்களின் மாநாட்டைக் கூட்டினார். அகதி தங்கியிருக்கும் நாடு அவருக்கு அடையாளச் சான்றிதழ் ஒன்றை வழங்கும். ஏனைய நாடுகள் அதனைக் கடவுச்சீட்டாக மதிக்கும் என்ற ஏற்பாடு அங்கே உருவாயிற்று. இதுவே “நான்சன் கடவுச்சீட்டு” எனப் பெயர் பெற்றது. முதலில் 16 நாடுகள் இணங்கின. காலப்போக்கில் 50க்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றன. 1924இல் ஆர்மீனியருக்கும், 1928இல் அசீரியர் முதலான வேறு சில மக்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஏறக்குறைய நாலரை இலட்சம் பேர் இதனாற் பயனடைந்தனர். இசைமேதை ஸ்திராவின்ஸ்கியும் ஓவியர் சகாலும் அவர்களுள் அடங்குவர். எனினும் பெரும்பாலோர் ஆலையிலும் சுரங்கத்திலும் வயலிலும் உழைத்து வாழ்ந்த சாதாரண மக்களே.

அந்தச் சீட்டு ஒரு தாள் மட்டுமே. அதன் பின்னால் படையும் இல்லை, பணமும் இல்லை. ஒரு நாட்டு அதிகாரி எழுதியதை வேறொரு நாட்டின் எல்லையிலே நிற்கும் அதிகாரி மதித்தார். கொடுத்த வாக்கைக் காப்போம் என்று நாடுகள் கொண்ட உறுதியே அதன் முழுப் பெறுமதியுமாகும். அந்த உறுதி இருந்த இடத்தில் தாள் உயிரைக் காத்தது.

1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசு நான்சனுக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் நிவாரணப் பணிக்கே கொடுத்துவிட்டார்.

நிழலும் உண்டு

அவர் ஈடுபட்ட எல்லாமே நன்மையாய் முடியவில்லை. கிரேக்கமும் துருக்கியும் மோதிய போரின் பின், இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையினரை மாற்றிக்கொள்ளும் திட்டத்திற்கு அவர் துணைநின்றார். 1923இல் லோசான் நகரில் அதற்கான உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. ஏறக்குறைய 12 இலட்சம் கிரேக்க கிறிஸ்தவர்களும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் தம் மூதாதையர் வாழ்ந்த மண்ணை நிரந்தரமாக இழந்தனர். மேலும் இரத்தம் சிந்துவதைத் தடுக்கவே நான்சன் இதனை ஆதரித்தார். ஆயினும் அந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அரசுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்தால் மட்டும் போதாது, தனிமனிதனுடைய உரிமையும் அதிலே எழுதப்படவேண்டும் என்ற பாடம் இங்கே உண்டு.

ஆர்மீனிய மக்களின் காரியத்தில் அவர் வேறொரு பாடத்தைக் கற்றார். படுகொலைக்குத் தப்பிய அம்மக்களுக்குத் தாயகம் தருவதாக வல்லரசுகள் 1920இல் உடன்படிக்கை எழுதின. மூன்றாண்டுகளில் லோசானில் எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கையில் அவ்வாக்குறுதி இடம்பெறவேயில்லை. 1925இல் நான்சன் ஆர்மீனியாவுக்கு நேரிற் சென்று, நிலத்துக்கு நீர் பாய்ச்சி அகதிகளைக் குடியேற்றத் திட்டம் தீட்டினார். ஆண்டுதோறும் ஜெனீவாவில் அதற்கு நிதி கேட்டார். அனுதாபத் தீர்மானங்கள் கிடைத்தன, பணம் கிடைக்கவில்லை. வாக்கு மாறிய வல்லரசுகளைக் குற்றஞ்சாட்டி அவர் நூல் எழுதினார்.

1930 மே 13ஆம் திகதி நான்சன் தம் இல்லத்தில் காலமானார். நோர்வேயின் தேசிய தினமாகிய மே 17இல் நாடே திரண்டு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தியது.

அவர் மறைந்த பின்

அவருடைய பெயரைத் தாங்கிய அகதிகள் பணியகம் பணியைத் தொடர்ந்தது. அதன் முயற்சியால் 1933இல் அகதிகளுக்கான உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. அகதியை எல்லையிலே திருப்பி அனுப்பலாகாது என்ற விதி அதிலே எழுதப்பட்டது. ஆனால் பத்து நாடுகள்கூட அதனை உறுதிப்படுத்தவில்லை.

அதன் விலையை உலகம் விரைவில் கண்டது. 1938இல் ஜேர்மனிய, ஒஸ்திரிய யூதர்களைப் பற்றிப் பேசுவதற்கு 32 நாடுகள் பிரான்சின் ஏவியோன் நகரிற் கூடின. இரங்கிப் பேசாத பிரதிநிதி இல்லை. கதவைத் திறக்க முன்வந்த நாடும் ஏறக்குறைய இல்லை எனலாம். மறு ஆண்டில் 900க்கு மேற்பட்ட யூதரை ஏற்றிய “சென் லூயிஸ்” என்ற கப்பல் ஹம்பேர்க்கிலிருந்து ஹவானா சென்றது. கியூபா மிகச் சிலரையே இறங்கவிட்டது. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் மறுத்தன. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதிலே பயணம் செய்தவர்களில் 254 பேர் பின்னர் நாசிகளின் கொலைக்களத்துக்குப் பலியாயினர்.

ஒரு நாடு கதவை அடைத்தால் அடுத்த நாடும் அடைக்கிறது. எல்லாப் பாரமும் தன்மேல் விழும் என்று ஒவ்வொரு நாடும் அஞ்சுகிறது. எல்லா நாடுகளும் ஒரே வாக்குறுதியால் கட்டுண்டு நின்றாலன்றி இந்த அச்சம் தீராது. நாடுகள் உடன்படிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டியதற்கு முதற்காரணம் இதுவே.

யுத்தத்தின் பின் உலகம் விழித்தது. 1948இல் மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. 1951 யூலை 28ஆம் திகதி ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை நிறைவேறியது. நான்சனின் காலத்தில் 1926இலும் 1928இலும் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அதன் முதலாம் பிரிவிலேயே குறிப்பிடப்பட்டுள்ளன. உயிருக்கோ சுதந்திரத்திற்கோ ஆபத்துள்ள இடத்திற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது 33ஆம் பிரிவு. அகதிக்குப் பயணப் பத்திரம் வழங்கவேண்டும் என்பது 28ஆம் பிரிவு. பரிசுத்த ஆசனமும் 1956இல் இதனை உறுதிப்படுத்தியது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் உலக சமாதானம் பற்றி எழுதிய சுற்றுமடலில், அகதியும் மனிதனே, நாட்டை இழந்ததனால் அவனுடைய உரிமைகள் அழிவதில்லை என்று போதித்தார்.

இவ்வுடன்படிக்கை குற்றவாளிகளுக்குப் புகலிடமாகிவிடும் என்பார் உளர். அது தவறு. போர்க் குற்றம், பாரதூரமான குற்றம் செய்தவர்களை அது விலக்குகிறது. இடங்கொடுத்த நாட்டின் சட்டத்துக்கு அமைந்து நடக்கவேண்டும் என்று அகதிக்கும் கடமை விதிக்கிறது.

நாமும் அறிந்ததே

இந்தச் சரித்திரம் எமக்கு அந்நியமானதன்று. 1983இன் பின் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் சேர்ந்தவர்களுக்கு இந்தியா இடமளித்தது. அது நன்றிக்குரியது. ஆயினும் இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேராத நாடு. ஆகையால் அங்கே கிடைத்தது அரசின் தயவே; உரிமை அன்று. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றவர்களோ அந்த உடன்படிக்கையைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடிந்தது. எம்மவர் பலர் அங்கே பெற்ற அகதிப் பயணப் பத்திரம் நான்சன் கடவுச்சீட்டின் வழித்தோன்றலே.

இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. 1980இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும், 1994இல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் அது சேர்ந்தது. ஒப்பமிட்டதைக் கைக்கொள்வதும், ஒப்பமிடாததில் ஒப்பமிடுவதும் அரசின் முன்னுள்ள கடமைகள். 2024 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கா மக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையருகே வந்தபோது, அங்குள்ள மீனவரும் மக்களும் உணவும் நீரும் கொண்டு ஓடினர். அந்த மனம் சட்டமாகவும் எழுதப்படவேண்டும்.

நான்சன் ஆலயத்துக்குச் செல்பவராய் இருக்கவில்லை. ஆயினும் வழியோரத்தில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போகாத சமாரியனின் செயலை அவர் செய்தார். சமாரியன் ஒருவனைத் தூக்கினான். நான்சன் அந்த இரக்கத்தை நாடுகளின் கடமையாக்க முயன்றார். நல்ல மனிதர் மரிப்பர், அரசாங்கங்கள் மாறும். எழுதப்பட்டுக் காக்கப்படும் வாக்குறுதி மட்டுமே அடுத்து வரும் அகதிக்கும் உதவும். ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை நாம் வணங்குகிறோம். எல்லையிலே வந்து நிற்கும் குடும்பத்தை எம் நாடு எப்படி ஏற்கவேண்டும் என்று எம்மை ஆள்வோரிடம் கேட்கும் பொறுப்பும் எமக்கு உண்டு.