அன்னி பெசண்ட் அம்மையாரும் சாரணர் இயக்கமும்

மார்கழியில் சம்பா நெல் கதிர்விடும் வேளையில் அரையாண்டுத் தேர்வு முடிகிறது. சீர்காழி போன்ற காவிரிப் பாசன ஊர்களின் பள்ளிச் சாரணர்கள், முதுகுப்பையைச் சுமந்து முகாமுக்குப் புறப்படுவது இன்று வியப்பான செய்தியன்று. வயலும் வாய்க்காலும் மட்டுமே கண்டு வளர்ந்தவர், அங்கே கூடாரம் அடிக்கவும் விறகு பொறுக்கி உலை வைக்கவும் திசையறிந்து நடக்கவும் கற்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன்போ இந்தியச் சிறுவர்க்கு இவ்வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. அம்மறுப்பை எதிர்த்து நின்றோருள் ஒருவர் அன்னி பெசண்ட்.

இவர் 1847 அக்டோபர் 1 அன்று இலண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோ என்னும் ஊரில், அங்குள்ள புகழ்பெற்ற பள்ளியின் மாணவர்களுக்கு உண்டியும் உறையுளும் அளித்துக் குடும்பத்தைக் காத்தார். அச்சிறுவர்களோடு சேர்ந்து மரமேறியும் மட்டைப்பந்து ஆடியும் வளர்ந்தவர் அன்னி. பின்னர் எலன் மாரியட் என்னும் அம்மையார் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக் கற்பித்தார். மனப்பாடம் அவ்வாசிரியருக்குப் பிடிக்காத ஒன்று. உலாவச் சென்ற வழியில் கண்டவற்றைக் கடிதமாக எழுதச் செய்வதே அவர் நடத்திய மொழிப்பாடம். இலக்கண நூலைத் திறவாமலே அன்னி எழுதக் கற்றார். பிற்காலத்தில் அவர் சாரணர் பயிற்சியை விரும்பியதற்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

இளமையில் நேர்ந்த திருமணம் நிலைக்கவில்லை. அதன்பின் பொதுவாழ்வில் இறங்கிய அவர், 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அந்நகரப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பசியோடு வரும் பிள்ளைகளுக்கு உணவளிக்க வேண்டுமென வாதிட்டார். 1893-இல் இந்தியா வந்தார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி அவர் முயற்சியால் எழுந்தது. பின்னர்ச் சென்னை அடையாறு அவரது இருப்பிடமாயிற்று.

இதற்கிடையே, 1907-இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட சிறுவரைக் கொண்டு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினர். அவ்வாறு தொடங்கிய இயக்கம் 1909-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கே உரியதாயிற்று. ஒற்றுமையை வளர்க்கப் பிறந்த இயக்கம் இங்கே வேற்றுமை பாராட்டியது. அணிவகுக்கவும் தடமறியவும் பழகிய இந்திய இளைஞர் நாளைப் புரட்சியாளராவர் என்னும் அச்சமும் ஆட்சியாளரிடம் இருந்தது.

அன்னி பெசண்ட் காத்திருக்கவில்லை. ஜார்ஜ் அருண்டேலுடன் இணைந்து 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது. தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை வந்தது. நம் நாட்டுப் பாடல்கள் ஒலித்தன. தன்னாட்சி இயக்கத்தை அவர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1917 ஜூனில் அரசு அவரையும் அருண்டேலையும் காவலில் வைத்தது. எழுந்த எதிர்ப்பால் செப்டம்பரில் விடுவித்தது. அவ்வாண்டு இறுதியில் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமையேற்ற முதற்பெண்மணி என்னும் சிறப்பு அவரை அடைந்தது.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தார். இந்தியச் சிறுவர்க்கும் இயக்கத்தில் சம இடம் என்ற நிலை உருவாகவே, பெசண்ட் தம் சங்கத்தை அதனோடு இணைத்தார். எழுபத்து மூன்றாம் வயதில் பேடன் பவல் முன்னிலையில் சாரணர் உறுதிமொழியும் ஏற்றார். அவ்வுறுதிமொழியில் மன்னருக்குக் கடமைப்படும் சொல்லும் இருந்தது. அரசால் காவலில் வைக்கப்பட்டவர் அதனைக் கூறியது எளிய முடிவாக இருந்திருக்க இயலாது. ஆயினும், தனிச்சங்கத்தின் பெருமையைவிடச் சிறுவர்க்குக் கிடைத்த உரிமை பெரிது. வட இந்தியாவில் மாளவியா, குன்ஸ்ரு ஆகியோர் வளர்த்த சேவா சமிதிச் சாரணர் சங்கம் இணைய மறுத்துத் தனித்தே இயங்கியது. அவர்கள் தயக்கத்திலும் நியாயம் உண்டு.

1932-இல் சாரணர் இயக்கத்தின் உயரிய வெள்ளி ஓநாய் விருது பெசண்ட் அம்மையாருக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 20 அன்று அவர் அடையாற்றில் மறைந்தார். பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தன. சாரணியர் அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தனர்.